பொணம் பேசும் காட்சி

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்த பிறகுதான் மச்சான் பாப்கார்ன் பொட்டலத்தோடு குனிந்து குனிந்து வந்து சேர்ந்தார். வந்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வெளியே எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம், கடைசியில் யாரோ ஒரு பெரிய தலை திடீரென்று வருகிறதாம், போஸ்டரில் பெயர்கூடப் போடாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்களாம். "ஒரே ஒரு சீனாம் மாப்ள. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று தங்கை புருஷனின் தொடையில் தட்டினார்.

தங்கை புருஷனுக்குத் தெரியாது.

சினிமாவில் அவருக்குப் பெயர் பொணம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பளம் கொடுக்கிறவருக்கே மறந்துபோயிற்று. வெள்ளத்தில் மிதந்த பொணம், தண்டவாளத்தில் கிடந்த பொணம், கதாநாயகியின் அப்பா பொணம் என்று எல்லாப் பொணமும் அவரே. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். ஒருமுறை இயக்குநர் 'கட்' சொல்லி, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பியபோதும் அவர் அப்படியே கிடந்தார் என்று படப்பிடிப்பில் ஒரு பெருமை பேசுவார்கள். நிஜத்தில் மனிதர் தூங்கிவிட்டார்.

அவருக்கு இதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மகளுக்குத்தான். வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாயாடியைப் பள்ளியில் பொணத்தோட பொண்ணு என்று கூப்பிட்டார்கள். இந்தப் படத்தில் அப்பாவுக்கு ஜெயிலர் வேடம், அதுவும் வசனத்தோடு என்று தெரிந்த மறுநாளே அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து பெஞ்சுக்காரி ஒருத்தி, "பொணம் எப்படிடி பேசும்?" என்று கேட்டாளாம். "வந்து கேட்டுப் பாரு" என்று இவள் சவால் விட்டிருக்கிறாள். சவாலை மதித்து அந்தப் பெண்ணும் தன் அம்மாவோடு வந்து, இப்போது சரியாக இவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வசனத்துக்காக வீடே ஒரு மாதம் படாத பாடு பட்டது. படத்தில் செய்யாத கொலைக்குத் தூக்கு என்று கதாநாயகன் சிறை அறையில் கிடக்கிறான். ஜெயிலர் வந்து கதவைத் திறந்துவிடுகிறார். வீட்டு ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வாயாடி கைதியாக நின்றுகொண்டு, "என்னை ஏன் விடறீங்க?" என்று எடுத்துக் கொடுப்பாள். இவர் இந்தப் பக்கம் நின்று பதில் சொல்ல வேண்டும். முதலில் வந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று பிடிபட்ட நாளில், ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி செருப்பில் பாதிக் கால் வைத்தபடி நின்றுவிட்டாள். அதற்குமேல் என்ன பாராட்டு வேண்டும்?

படமும் பிடித்தார்கள். ஆனால் பேச்சைத் தனியாகப் பதிய அவரைக் கூப்பிடவில்லை. வசனம் பேசிய எல்லாரையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிடுவதுதான் வழக்கம். உதவி இயக்குநரைக் கேட்டதற்கு, அன்று பேசியதே சுத்தமாக இருக்கிறது, தேவையில்லை என்றான். அதற்குப் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். அப்போதே மனசில் ஒரு முள் குத்தியது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முள்ளை அப்படியே விட்டுவிட்டு, மனைவிக்கு அன்றைக்கும் டியூட்டி என்பதால், மகளுக்கும் மச்சானுக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் எடுத்தார்.

இப்போது மச்சான் சொன்ன சேதி அந்த முள்ளை உள்ளே தள்ளியது. இனி வர வேண்டியவர்கள் யார் யார் என்று இருட்டில் கணக்குப் போட்டார். நீதிபதி, கதாநாயகனின் அண்ணன், ஜெயிலர். நீதிபதியாக இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டார். நீதிபதி வந்தார். எல்லாப் படத்திலும் நீதிபதியாக வரும் அதே வழுக்கைத் தலை. சரி, அண்ணன் இருக்கிறான். அண்ணனும் வந்தான், யாரோ புதுப் பையன், அழத் தெரியாமல் அழுதுவிட்டுப் போனான்.

மிச்சம் ஒரே ஒரு வேடம்.

ஏன் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, அப்புறம் திடீர் ஏது? அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, போன்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதே காட்சியை அந்தப் பெரிய ஆளை வைத்து மறுபடி எடுத்திருப்பார்கள். பொணத்துக்கு எதற்குச் சேதி என்று நினைத்திருப்பார்கள். இவ்வளவுக்கும் அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மகள் பக்கம் சாய்ந்து, வயிறு என்னமோ பண்ணுகிறது, வெளியே போய்விட்டு வரலாமா என்று கேட்டார்.

"உன் சீன் வரப்போகுதுப்பா. கொஞ்சம் அடக்கிக்கோ" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் சிறைக்கூடத்தின் நீண்ட நடை. இரண்டு பூட்ஸ் கால்கள் நடந்து வந்தன. இவர் போட்டது குதிகால் தேய்ந்த பழைய பூட்ஸ், இவை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. இவர் நடந்தபோது இசையே கிடையாது என்றார்கள், இதற்கோ அரங்கம் அதிரும்படி முழங்கியது. பூட்ஸ் நின்றது. சாவிக்கொத்து குலுங்கியது. வாயாடி அவர் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு திறந்தார்.

ஜெயிலர் தொப்பியைக் கழற்றினார். ஊரெல்லாம் 'சக்கரவர்த்தி' என்று கொண்டாடும் நட்சத்திரத்தின் முகம் திரை முழுக்க நின்றது.

கொட்டகை இடிந்து விழவில்லை, அவ்வளவுதான். விசிலும் கூச்சலும் காதைப் பிளந்தன. இருக்கைகள் படபடவென்று மடங்கின. மச்சான் தன்னை மறந்து இருக்கைமேல் ஏறி நின்று இரண்டு விரலையும் வாயில் வைத்து ஊதினார். பாப்கார்ன் நாலா பக்கமும் பறந்தது. ஊதிக்கொண்டே கீழே பார்த்தவருக்கு மாப்பிள்ளையின் முகம் கண்ணில் பட்டது. விரலை எடுத்துவிட்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார். அதன்பின் அவர் தலை நிமிரவில்லை.

மகளின் கைகள் முழங்கையிலிருந்து நழுவின. வாயாடி வாயடைத்துப் போவது அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

கம்பிக்குள்ளிருந்து கதாநாயகன் ஏதோ கேட்டான், கேட்கவில்லை. சக்கரவர்த்தி பதில் சொன்னார், அதுவும் கேட்கவில்லை. சனங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த உதடுகள் எப்படி அசைந்தன என்று ஒருவருக்குத் தெரிந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை. நிறுத்திய இடம் மட்டும் தப்பு.

கதாநாயகன் ஜெயிலரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான். ஜெயிலர் காலியான அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். இசை நின்றது. கத்திக் களைத்த கொட்டகையும் மெல்ல அடங்கி, அவர் ஏன் அங்கே போய் உட்கார்ந்தார் என்று புரியாமல் முழித்தது. பக்கத்தில் பக்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த தடித்த ஆள் முழு உடம்பையும் திருப்பி, "என்னங்க சொன்னாரு? எதுக்கு விட்டாராம்?" என்று பொணத்தையே கேட்டார்.

பொணம் அசையவில்லை. அசையாமல் இருப்பது அவருக்குக் கைவந்த தொழில். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பப் போனார்.

"என்னை ஏன் விடறீங்க?"

மகளின் குரல். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட அதே குரல். அவள் அவரைப் பார்க்கவில்லை, முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக் கேட்டாள்.

மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டார்.

"உனக்கு முன்னாடி இந்த அறையில இருந்தது என் தம்பி." நிறுத்தினார். "அன்னைக்கும் சாவி என்கிட்டதான் இருந்துச்சு." இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினார். "போ."

உரக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசை பேச்சை நிறுத்தியது. தடித்த ஆள் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தார். பிறகு திரையில் தரையோடு உட்கார்ந்திருந்த ஜெயிலரைப் பார்த்து, அடப்பாவி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மச்சான் மூக்கை உறிஞ்சினார்.

வாயாடி இருக்கையில் முழங்காலிட்டு ஏறிப் பின்வரிசையில் இருந்த அந்தப் பெஞ்சுக்காரியின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.