ஒப்பாரி ஒப்பீடு

தாஷ்கண்டில் பேராசிரியர் மிர்வாலிக்குத் தெரியாத உஸ்பெக் வட்டாரப் பேச்சு கிடையாது. அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். அடுத்த தெருவில், தங்கள் நாட்டு உள்நாட்டுப் போரில் தோற்றுத் தப்பி வந்த கிரேக்கர்கள் நடுவே, ஸ்டெர்யோஸ் என்றொரு பேராசிரியர். அவருக்குத் தெரியாத கிரேக்கப் பேச்சு கிடையாது. இரண்டு மேதைகளும் தங்கள் மொழிகளின் வட்டார ஒப்பாரிகளை ஒப்பிட்டு உலகத்துக்கு ஒரு நூல் தருவதென்று முடிவுசெய்திருந்தார்கள். உலகம் கேட்கவில்லை. தலைநகரத்தில் பிறக்காதவன் பேசுவதெல்லாம் கொச்சை என்ற முதல் முடிவுக்கு, ஒப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள்.

கிரேக்கப் பங்குக்கு ஸ்டெர்யோஸ் தன் கருங்கடற்கரை மாமியாரை அழவைத்து ஒலிநாடாவில் பிடித்தாயிற்று. உஸ்பெக் பங்குக்கு மிர்வாலி வீட்டிலேயே கோரெஸ்ம் வட்டாரத்திலிருந்து வந்த ஒரு மருமகள் இருந்தாள், அனாஜான். ஊரில் அவள் அப்பா படுத்த படுக்கை. கண்மூடுமுன் ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். மாமனார் வாய் திறக்காமல் மருமகள் வாசல் தாண்ட முடியுமா?

"அப்பாவ நெனச்சுப் பாடும்மா. பாடி முடிச்சதும் கெளம்பு."

"உசுரோட இருக்கறவருக்கா மாமா? வாய் கூசுது."

"படிச்சவங்க வீட்டுக்கு வந்து சகுனம் பாக்கறியா?"

ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்திருந்த ஸ்டெர்யோஸ் புலாவுக் கவளத்தை விழுங்கினார். "என் மாமியாருக்கும் கூசிச்சுண்ணே. இப்ப நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேங்குது!"

அனாஜான் பாடினாள். வாசல் மரம் சாய்ந்ததென்றும், இனி யார் நிழலில் ஒதுங்குவேன் என்றும் பாடினாள். மேதைகள் தொடையைத் தட்டிக்கொண்டார்கள்.

"இப்பப் போகட்டுமா மாமா?"

"தாராளமா. ஆனா அவசரமில்ல. காலையிலயே உங்கண்ணன் போன் பண்ணிட்டான். இந்நேரம் மண்ணு போட்டிருப்பாங்க."

"காலையிலயேவா?"

"அப்பவே சொல்லியிருந்தா விமானத்தப் புடிச்சு ஓடியிருப்பே. வந்த மனுஷன் வெறுங்கையோட போறதா?"

அவள் வாய் திறந்தது. ஸ்டெர்யோஸின் கை சோற்றைவிட்டு ஒலிப்பதிவுக் கருவிக்குத் தாவியது. நாடா மறுபடி சுழன்றது.

"அழும்மா," என்றார் மிர்வாலி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் அத்தனை பரிவாக அவர் பேசியதில்லை. "அடக்காத. நல்லா வாய்விட்டு அழு."

அனாஜான் முக்காட்டு நுனியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டாள். கடித்தபடியே துணியை மூட்டை கட்டினாள், கடித்தபடியே வாசலைத் தாண்டினாள். ரயில் நகரத்தை விட்டுக் கிளம்பும்வரை பல்லை எடுக்கவில்லை.

"பாத்தீங்களா, பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல," என்றார் மிர்வாலி. "கோரெஸ்ம்காரங்களுக்கே நெஞ்சு கல்லு."

ஸ்டெர்யோஸ் அதையும் குறித்துக்கொண்டார்.