வாகை மரத்தடியில் வைத்த பெட்டி

தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, கப்பலேறிக் கொழும்புக்குப் போய்வந்த காலம் அது. விஸ்வநத்தத்து முருகம்மாளும் அப்படித்தான் போனாள், புருஷன் செல்லச்சாமியைக் கூட்டிவர.

அவருக்குக் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு பட்டாசுக் கடையில் வேலை. நாலு வருஷத்தில் கடல் ஈரம் நெஞ்சில் இறங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்கியது. ஊருக்குப் போய்க் காய்ந்த காற்றில் இருந்தால்தான் தேறும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கிளம்பும் நாள் வந்தது; கப்பல் துறைக்குச் சாயங்காலம் ரயில். முதலாளி நல்லசிவத்திடம் சொல்லிக்கொள்ள இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள்.

செல்லச்சாமி முன்னால் போய்விட்டார். வாசலில் முருகம்மாளுக்குப் பட்டாசு மருந்து வாசனை அடித்தது. ஊரில் பட்டாசு செய்யும் ஆபீசில் சரம் பின்னிப் பன்னிரண்டு வருஷம் மூக்கில் ஏறிய வாசனை. அவ்வளவுதான், கடலும் கப்பலும் மறந்துபோயின. பட்டாசு ஆபீசுக்குள் இரும்பு எதையும் கொண்டுபோகக் கூடாது, கண்ணுகளா. உரசினால் பொறி. தூக்குவாளி, சாவி, செருப்பு எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் கிடக்கும். வேலை முடிந்ததும் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தவர் சாமானை யாரும் தொடமாட்டார்கள்.

முருகம்மாள் தெருவோர வாகை மரத்தடியில் தகரப்பெட்டியை வைத்தாள். இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியை அவிழ்த்து அதன்மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது செருப்பு மட்டும் இருந்தது. அதன்மேல் வாகைப் பூ உதிர்ந்திருந்தது.

"பெட்டி எங்கட்டி?"

"இங்கனதான வச்சேன்."

"தெருவுலயா? இது என்ன விஸ்வநத்தமா?" செல்லச்சாமிக்கு இருமல் வந்துவிட்டது. "பாஸ்போட்டு ரெண்டும் அதுக்குள்ள இருக்கு. அது இல்லாம எப்படிக் கப்பலேறுறது?"

நல்லசிவம் வெளியே வந்தார். "புதுசு வாங்க மூணு மாசம் ஆகும்த்தா. போலீசுல சொல்லுவோமா?"

செல்லச்சாமியின் மூச்சு விசில்போல இழுத்தது. மூன்று மாசம் அந்த நெஞ்சு தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம் அண்ணாச்சி. போலீசைக் கண்டா எடுத்தவன் பயந்துபோயிக் கடல்ல வீசிருவான்."

அவள் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. ரயிலில் கொறிக்க எடுத்துவைத்த சாத்தூர்ச் சேவு. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும்போது நிறம் விலகிப்போன தாளில் மடித்தது. அதில் கிளியின் பச்சை, கிளியை விட்டு ஒரு விரக்கடை தள்ளிப் பறந்துகொண்டிருக்கும். அதை மரத்தடியில் வைத்தாள். யாருமில்லாத தெருவைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்:

"சேலையை நீயே வச்சுக்கோ. இதையும் தின்னு. பொஸ்தகம் ரெண்டை மட்டும் வச்சிரு." தமிழ் தெரியாதவனாக இருந்தால் என்ன செய்வதென்று, இரண்டு கையையும் புத்தகம்போல விரித்தும் காட்டினாள்.

பிறகு, "எல்லாரும் உள்ள வாங்க. மரத்தை யாரும் பாக்கக் கூடாது" என்றாள்.

"கூறு கெட்டவளா இருக்காளே" என்றார் செல்லச்சாமி. ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்தார்.

தெருவுக்கு முதுகைக் காட்டி மூவரும் இருந்தார்கள். கடல்காற்று வந்து அலமாரியில் சிவப்புத் தாள்களைப் புரட்டியது. முருகம்மாளின் விரல்கள் இல்லாத நூலில் இல்லாத வெடியைக் கோத்துச் சரம் பின்னின. கொழும்பு எங்கோ தள்ளிப்போய், வேப்பங்காய் உதிரும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. செல்லச்சாமி அசந்து அவள் தோளில் சாய்ந்தார். மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது.

வெயில் சாய்ந்ததும் அவள் எழுந்து போனாள்.

பெட்டி இல்லை, சேலை இல்லை, பொட்டலமும் இல்லை. வேருக்கும் வேருக்கும் நடுவில் பாஸ்போர்ட் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே அந்தச் சாவி.

செல்லச்சாமி தன் புத்தகத்தைப் புரட்டினார். படத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் படிந்த பெருவிரல் ரேகை. காரப்பொடிகூட ஒட்டியிருந்தது.

"தின்னுக்கிட்டே என் மூஞ்சியைப் பாத்திருக்கான், களவாணிப்பய" என்றார்.

"நல்லாப் பாக்கட்டும். வாசல்ல இருமுன சீக்காளின்னு தெரிஞ்சிருக்கும்."

ஓட்டமும் நடையுமாய்ப் போய் ரயிலைப் பிடித்தார்கள். கட்டிய சேலையோடு கப்பலேறினாள் முருகம்மாள். மறுவாரம் வேலைக்குப் போனபோது, பூட்டில்லாத அந்தச் சாவியை வேப்பமரத்து ஆணியில் மாட்டினாள். கேட்டவர்களிடம், "கொழும்புல ஒருத்தன் குடுத்தான்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.