தர்மேந்திரன் பெரட்டுக்குத் தவறியதில்லை

ஆற்றில் மூழ்கிச் செத்த மறுநாள் காலை, சரியாக ஏழு மணிக்கு, தர்மேந்திரன் பெரட்டுக்கு வந்தான். எல்கடுவைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பெரட்டுக்களம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஆட்கள் அங்கே வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் கொழுந்து மலைக்கு ஏற வேண்டும். தர்மேந்திரன் கரையேறவில்லை. நட்டாற்றில் நின்ற வாக்கில் மார்பு தெரிய மிதந்து வந்து, களத்தைத் தாண்டும்போது ஒருமுறை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டு, வளைவில் மறைந்தான். அந்த ஆறு எந்த வரைபடத்திலும் இல்லை. அடிவாரத்தில் ஒரு பாறைக்குள் புகுந்துவிடும்; அதனோடு புகுந்தவை மறுநாள் விடிந்ததும் மேலே ஊற்றுவாயில் வெளிவரும். வாளி, செருப்பு, ஒரு தடவை தோட்ட நிர்வாகியான துரையின் நாய் என்று எல்லாமே அப்படிச் சுற்றி வந்தவைதான். ஆகவே ஆட்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முந்தின நாள், பெரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, பாலமில்லாத இடத்தில் கல்லுக்குக் கல் தாவி வழுக்கியவன் அவன். செத்த பிறகு ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

பெரட்டில் பேர் எழுதுகிற செல்லச்சாமி கங்காணி நல்ல மனுஷன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் வெட்டினால், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். தர்மேந்திரனின் மனைவி பரிமளம் யட்டவத்தையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், தோட்டத்தில் பேர் இல்லாதவள். போக அவளுக்கு வேறு இடமும் கிடையாது. கங்காணி யோசித்துப் பார்த்து, "வந்தான்தானே, கண்ணால பாத்தேனே," என்று சொல்லிவிட்டு, தர்மேந்திரன் பேருக்கு நேரே வந்ததாகப் புள்ளி வைத்தார். ஒரு நாள் வைத்த புள்ளியை அடுத்த நாள் நிறுத்த முடியவில்லை. மரணச் சான்றிதழ் கேட்டுப் போன பரிமளத்திடம், ஒழுங்காக வேலைக்குப் போகிற ஆளுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். தினமும் புருஷன் முகத்தைப் பார்க்கிறவள் தாலியைக் கழற்றக் கூடாது என்று கோயிலில் சொன்னார்கள். கருமாதி இல்லை, குழி இல்லை. கயிறு கட்டி இறங்கிய நாலு பேருக்கும் அவன் சவர்க்காரம் மாதிரிக் கைநழுவிப் போனான். மூன்று வருஷம் அவள் காலை ஏழு மணிக்குக் கரையில் நின்று அழுதாள். அவனைக் கரையேற்றி மண்ணில் படுக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் ஹோகன் என்ற நோர்வேக்காரன் தோளில் ஒரு மஞ்சள் கயாக் ஓடத்தோடு வந்து சேர்ந்தான். வழிகாட்டவும் பேச்சை மாற்றிச் சொல்லவும் உக்குவளையிலிருந்து பஸ்லா கூட வந்திருந்தாள்.

"அக்கா, இவர் ஒலகத்துல யாருக்குமே தெரியாத ஆத்துலதான் ஓடம் ஓட்டுவாராம்."

"எங்களுக்குத் தெரியுமே," என்றாள் பரிமளம். பிறகு ஹோகனின் தோள்களின் அகலத்தைப் பார்த்தாள். "அந்த மனுஷன ஒரு தள்ளு தள்ளி கரைக்கு ஒதுக்கித் தரச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ஹோகன் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தான். மறுநாள் காலை தர்மேந்திரனுக்குப் பின்னாலேயே போனான். கீழே பேரருவிக்கு இரண்டு வாய்கள். எது உயிரோடு விடும், எது உயிரை எடுக்கும் என்று கரையிலிருந்து சொல்ல முடியாது. தர்மேந்திரன் என்றைக்கும் போல இடது வாயில் இறங்கினான். ஹோகனும் இறங்கி, உயிரோடு கரை ஒதுங்கி, சின்னப் பிள்ளை மாதிரிக் கூவினான். அன்று மாலை பஸ்லாவிடம் ஒரே ஒரு தமிழ் வார்த்தை கேட்டுப் படித்துக்கொண்டான். பரிமளம் எதிரில் வரும்போதெல்லாம் சிரித்த முகத்தோடு "நாளைக்கு" என்பான். தர்மேந்திரன் கரையேறிவிட்டால் ஆற்றுக்கு வழிகாட்ட ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

மாதங்கள் ஓடின. பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை என்று ஹோகன் கையை நீட்டி தர்மேந்திரன் தலையில் ஒரு சிவப்புத் தலைக்கவசத்தை மாட்டினான். அமிழ்ந்துவிடாமலிருக்க மிதவை அங்கியும் போட்டு வார்களை இறுக்கினான். பெரிய துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளைக்காரர் இன்னும் வருவார்கள் என்று ரோட்டில் பலகை வைத்தார். வருகிறவர்களுக்குக் கரையில் ரொட்டியும், சாயத் தண்ணி என்கிற பால் விடாத தேநீரும் கொடுக்கும் வேலையைப் பரிமளத்துக்கே கொடுத்தார். தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும்போது, செத்தவனுக்குத் தண்ணீரில் முகம் புதைக்கக்கூட விடவில்லையே என்று அவள் வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றோடு பார்த்ததில்தான் அந்த அங்கியின் தோளில் ஒரு வார்வளையம் இருப்பது கண்ணில் பட்டது. தண்ணீரில் விழுந்தவரைப் பிடித்து இழுக்கவே அது வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லாத நாள், ஹோகனும் கண்டிக்குப் போயிருந்தான். பரிமளம் பலாக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துக்கொண்டு வளைவில் இறங்கினாள். வளையத்தில் கொக்கியைப் போட்டு இழுத்தாள். இத்தனை வருஷம் நழுவியவன் கன்றுக்குட்டி மாதிரிக் கூடவே வந்தான். அவளும் கங்காணியும் அவனைக் குளிப்பாட்டி, மலைக்குப் பின்னால் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள்.

"எல்லாம் நான் எழுதுன எழுத்து," என்று அழுத கங்காணி, மண்ணைத் தட்டி முடித்ததும், "அது சரி புள்ள, நாளைக்கு யார எழுதுறது? பேர் வெட்டுனா காம்பராவக் கேப்பாங்களே," என்றார்.

"பாப்பம் அண்ணே," என்றாள் பரிமளம். தலைக்கவசத்தையும் அங்கியையும் சேர்த்துக் கட்டி, திரும்ப ஆற்றிலேயே விட்டாள். பிறத்தியார் பொருள், வீட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் கங்காணிக்கு அவள் சொன்ன காரணம்.

திங்கட்கிழமை கடும் பனி. ஹோகன் மேலே காத்திருந்து, சிவப்பு தெரிந்ததும் வழக்கம்போல் அதன் பின்னால் ஓடத்தைச் செலுத்தினான். உள்ளே ஆள் இல்லாத தலைக்கவசம் தண்ணீர் இழுத்த பக்கம் போனது. வலது வாய் பக்கம். கரையில் பரிமளம் தட்டோடு நின்றாள்; கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரந்தான். அவள் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஹோகன் பெரட்டுக்கு வந்தான். நின்ற வாக்கில், மார்பு தெரிய, மஞ்சள் தாடியில் சருகு ஒட்டியிருக்க. செல்லச்சாமி கங்காணி பரிமளத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், தர்மேந்திரன் பேருக்கு நேரே புள்ளி வைத்தார். செக்ரோலில் தாடியின் நிறம் எழுத இடம் இல்லை. காம்பரா நிலைத்தது. பதினாறாம் நாள் பரிமளம் யாரிடமும் கேட்காமல் தாலியைக் கழற்றினாள்.

போன மாசியில் ஹோகனின் மனைவி வந்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றவள், பஸ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு பரிமளத்தின் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, உங்களால மட்டுந்தான் அவர கரைக்கு எடுக்க ஏலும்னு லயத்துல சொன்னாங்களாம். அடக்கம் செஞ்சா போதும், வேற ஒண்ணும் வேணாமாம்."

அந்த முகம் பரிமளத்துக்குத் தெரிந்த முகம். மூன்று வருஷம் கண்ணாடியில் பார்த்தது. நெஞ்சு இளகத்தான் செய்தது. அடுப்புப் புகை படிந்த காம்பராச் சுவரையும், மூலையில் சாத்தியிருந்த தொரட்டியையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குன்னு சொல்லுங்க," என்றாள்.

பஸ்லா அதை மாற்றிச் சொல்லத் தேவைப்படவில்லை. ஹோகன் கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்ததால் அந்த ஒரு வார்த்தை அவன் மனைவிக்குத் தெரிந்திருந்தது. இப்போது தினமும் ஏழு மணிக்கு ஆட்களோடு வரிசையில் நிற்கிறாள். பரிமளம் அவளுக்கு ஒரு துண்டு கருப்பட்டியோடு சாயத் தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பேர் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் மலைக்கு ஏறுகிறார்கள்.