உள்ளே விட்ட துணி

ரயில் நகர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் மகள் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, "சித்தி இந்நேரம் கிளம்பியிருப்பாங்களா?" என்று கேட்டாள். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, டாக்ஸியில் ஒரு தடவை, பிளாட்பாரத்தில் நான் இடுப்பில் பிள்ளையும் தோளில் பையும் கையில் பெட்டியுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை. இது நாலாவது. நாங்கள் போவது என் அண்ணன் வீட்டுக்கு. அண்ணனுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு, இவளோடு விளையாடக் காத்திருக்கிறார்கள். அதெல்லாம் இவளுக்குப் பொருட்டே இல்லை.

"கிளம்பியிருப்பா" என்றேன்.

"எந்த ரயில்ல?"

"தெரியாது."

"ஏன் தெரியாது? உன் தங்கச்சிதானே?"

வயசு ஏழு. இவளுக்கு இவள் அப்பா வக்கீல் என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை. சின்னவனுக்கு இரண்டு வயசு, அவன் பெயர் சைரன். அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், அவருக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? மாற்று டிரைவர் காலை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டதால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பத்து மணி நேரப் பயணத்தை இந்த இரண்டு பேரோடு நான் தனியாகச் சமாளிக்க வேண்டும். ஜன்னலோரம் இருவருக்கும் வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டைத் திறக்கும் உரிமை இருவருக்கும் வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் போக மாட்டார்கள். எதிர் இருக்கையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் முதல் ஒரு மணி நேரம் சிரித்த முகமாக இருந்தார். சைரன் அவருடைய கண்ணாடியை இழுத்த பிறகு பேப்பரை நன்றாக விரித்து முகத்துக்குத் திரை போட்டுக்கொண்டார்.

எனக்கு என் தங்கச்சி மேல் பொறாமை. வேறு நல்ல பெயர் ஏதாவது வைக்கலாமா என்று நானும் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை. மகள் பிறந்த மூன்றாவது மாசம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தங்கச்சி எங்களோடு வந்து தங்கினாள். நாலரை வருஷம். குழந்தையைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, முதல் பல்லைக் கண்டுபிடித்தது, எல்லாம் அவள். குழந்தை எழுந்து நின்று முதன்முதலாக நாலடி நடந்ததும் அவளை நோக்கித்தான். நான் அப்போது கடையில் முந்நூறு பள்ளிச்சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்ததும் தங்கச்சி ஆசை ஆசையாகச் சொன்னாள், நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்குக் கல்யாணமாகி வெகுதூரம் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. இனிமேல் என் பிள்ளை எனக்குத்தான் என்று நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். வக்கீல் போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அரைமணி நேரம் குசுகுசு பேச்சு, நடுவில் சிரிப்பு. "என்னடி பேசுன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று போனை என் கையில் வைப்பாள். அது சூடாக இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அண்ணனும் நானும் தங்கச்சியும் குடும்பத்தோடு அண்ணன் வீட்டில் கூடுவோம். வாசலில் ஐந்து படி இருக்கிறது. பிள்ளைகள் உயர வரிசைப்படி கீழ்ப்படிகளில், பெரியவர்கள் மேலே. அண்ணன் நாற்காலி மேல் போனை நிறுத்தி வைத்து ஓடிவந்து நிற்பார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மூன்று வீட்டிலும் மாட்டிக்கொள்வோம். போன தடவை எடுத்த படத்தில் என் மகள் வரிசையில் நிற்கவில்லை. சித்தியின் இடுப்பில் உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் ஓர் அடி தள்ளி, கையில் தண்ணீர் பாட்டிலோடு, வேலைக்கு வந்தவளைப் போல நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, "குழந்தை அம்மாகிட்ட என்ன ஒட்டுதல்" என்பார்கள். மூன்று வருஷமாக அதன் கீழே உட்கார்ந்துதான் நான் சாப்பிடுகிறேன்.

அதனால்தான் இந்தத் தடவை நான் ஒரு காரியம் செய்தேன். மூன்று வாரத்துக்கு முன் தங்கச்சி கடைக்கே போன் பண்ணினாள்.

"அக்கா, வக்கீலுக்கு ஒரு கவுன் தைக்கப் போறேன். போட்டோவுக்கு அதத்தான் போடணும். அளவு சொல்லு."

நான் வெட்டும் மேஜை முன்னால் கழுத்தில் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன். பதினோரு வருஷமாகப் பள்ளி யூனிஃபார்ம் வெட்டுகிறேன். பிள்ளை கடை வாசலைத் தாண்டி உள்ளே வரும்போதே மார்பு எத்தனை, தோள் எத்தனை என்று என் வாயில் வந்துவிடும். என் மகளுக்கு மார்பு இருபத்துநாலு அங்குலம், கவுன் உயரம் இருபத்தாறு. மார்பு இருபத்திரண்டு, உயரம் இருபத்துமூன்று என்று சொன்னேன். போன வருஷத்து அளவு. தோளும் அப்படியே. நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. போனை வைத்த கையோடு கடையில் மிச்சமிருந்த நல்ல நீலத்துணியில் சரியான அளவுக்கு நானே ஒரு கவுன் வெட்டினேன். அது இப்போது பெட்டியின் அடியில், சைரனின் சட்டைகளுக்குக் கீழே இருக்கிறது. தங்கச்சி தைத்தது பற்றாது. அதைக் கழற்றிவிட்டு என்னுடையதைப் போடுவாள். படத்தில் என் பக்கத்தில் நிற்பாள். இவ்வளவுதான் என் திட்டம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று ரயில் முழுக்க எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் சைரன் ஒருவழியாகத் தூங்கினான். வக்கீல் என் தோளில் சாய்ந்து, என் விரலில் ஊசி குத்திக் காய்த்துப்போன இடத்தை நெருடிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து என்று இருந்தது.

"அம்மா, சித்தி என்ன கலர் கவுன் தச்சிருக்காங்க தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் வீட்டு வாசலில் டாக்ஸி நின்றபோது வெயில் இறங்கியிருந்தது. நான் சைரனைத் தூக்கி, பையை மாட்டி, பெட்டிக்குக் கை நீட்டுவதற்குள் மறுபக்கக் கதவு திறந்து என் மகள் இறங்கி ஓடியாயிற்று. தங்கச்சி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி வந்தாள். இரண்டு பேரும் மோதிக்கொண்ட வேகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா, இளைச்சிட்டியே" என்று என்னிடம் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். நல்லவள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி வக்கீல் யாரையும் கேட்காமல் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு சித்தி அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படம். ஒன்பதரைக்குத் தங்கச்சி கவுனை எடுத்து வந்தாள். மஞ்சள் நிறம், கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, ஒவ்வொன்றும் கையால் போட்டது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரியின் மெஷினில் தைத்தாளாம். தையல் ஓடுகிற அழகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது நான் கற்றுக்கொடுத்த கை. எங்களோடு இருந்தபோது குழந்தை தூங்கும் நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

வக்கீல் கையைத் தூக்கி நின்றாள். கவுன் தலை வழியாக இறங்கித் தோளில் மாட்டியது. தங்கச்சி மெதுவாக இழுத்துவிட்டாள். முதுகில் ஜிப் பாதியில் நின்றது. இதோ இப்போது சொல்லப்போகிறாள், பற்றவில்லை என்று. நான் பெட்டியிலிருந்து நீலத்தை எடுக்க வேண்டியதுதான்.

என் மகள் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்தாள். ஜிப் மேலே ஏறிவிட்டது.

"டைட்டா இருக்கா தங்கம்?" என்றாள் தங்கச்சி.

"இல்ல."

"நெசமா?"

"சரியா இருக்கு சித்தி." வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சமாகக் காற்றை விட்டு விட்டுப் பேசினாள். கை இரண்டும் உடம்பை விட்டு விலகி, பொம்மையின் கை மாதிரி நின்றன. கவுன் முட்டிக்கு நாலு விரல் மேலே நின்றது. "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

ரயிலில் ஜன்னலோரம் கிடைக்க அரைமணி தாமதமானதற்கு ஊரைக் கூட்டியவள். நான் தைத்துக் கொடுக்கிற பள்ளிச் சட்டையில் காலர் குத்துகிறது என்று தினம் ஒரு வழக்கு நடத்துகிறவள். எனக்காக இவள் ஒரு நாளும் இப்படி மூச்சைப் பிடித்து நின்றதில்லை. அந்த இடத்தில், அண்ணன் வீட்டு அறை நடுவில், எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. பொறாமையில்தான், வேறு எதனாலும் இல்லை.

அண்ணன் வாசலிலிருந்து, "எல்லாரும் வாங்க, வெயில் ஏறுது" என்று குரல் கொடுத்தார். தங்கச்சி கவுன் சுற்றி வந்த காகிதத்தைக் குப்பையில் போடப் போனாள். வக்கீல் செருப்பு மாட்டக் குனிய முயன்றாள், முடியவில்லை. நான் உட்கார்ந்து மாட்டிவிட்டேன். அப்போது பார்த்தேன். அக்குள் ஓரத்தில் துணி தோலைக் கவ்விச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது, இரண்டு பக்கமும். ஓர் இடத்தில் லேசாக உரிந்தே இருந்தது.

"வலிக்குதா?"

தலையாட்டினாள், ஆமாம் என்று. பிறகு என் காதில், "சித்திகிட்ட சொல்லாதம்மா" என்றாள்.

நான் ஜிப்பைக் கீழே இறக்கினேன். அவள் விட்ட மூச்சு என் முகத்தில் பட்டது. "கழட்டாத, கழட்டாத" என்று கையைப் பிடித்தாள். "கழட்டிட்டுத் திரும்பப் போடுவேன். இதையேதான்" என்றேன். உள்பாவாடையோடு அவளை உட்கார வைத்துவிட்டுக் கவுனை உள்பக்கம் புரட்டினேன்.

பக்கவாட்டில் மூன்று விரல் துணி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. அந்தப் பக்கமும் மூன்று விரல். கைக்கும் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டமாகத் தையல், பிரிக்க வசதியாக. அடிமடிப்பைப் பார்த்தேன், அதிலும் நாலு விரல் இருந்தது. ஒரு விரல் விட்டாலே ஜாஸ்தி என்பார்கள். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்ளே துணி விடு, அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு வளர்வதில்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஆனால் மூன்று விரல் விடச் சொன்னதில்லை.

என் கைப்பையில் எப்போதும் ஊசி நூலும் சின்னக் கத்தரியும் இருக்கும். ஒரு பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தங்கச்சி திரும்பி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். நான் தலை நிமிரவில்லை. அவள் வந்து எதிரில் உட்கார்ந்து, கவுனின் மறுபக்கத்தைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னோர் ஊசியில் நூல் கோத்தாள்.

"இவ்வளவு எதுக்குடி உள்ள விட்ட?" என்றேன்.

தங்கச்சி நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஆள் எதிர்ல இல்லாதப்ப நீ அளவு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேச மாட்ட அக்கா. ஆள மனசுல நிறுத்தி வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவ. அன்னிக்கு மடமடன்னு சொன்ன."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், நாலரை வருஷத்தையும் இழுத்திருப்பேன். வக்கீல் நடுவில் உட்கார்ந்து எங்கள் இரண்டு ஊசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிமடிப்பை நான் இறக்கினேன். வெளியே சைரன் அண்ணியின் இடுப்பிலிருந்து தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். தங்கச்சியின் பக்கம் எனக்கு முன்னால் முடிந்துவிட்டது. முடிச்சைப் போட்டுவிட்டு, என் பக்கத்து நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

இந்தத் தடவை கவுன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வக்கீல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், படிகளுக்கு ஓடினாள். மூன்றாவது படி அவளுக்கு. நான் வலப்பக்கம் நின்றேன், தங்கச்சி இடப்பக்கம். நீலக் கவுன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வெளிச்சத்தில்தான் தெரிந்தது. பழைய தையல் இருந்த இடத்தில், இடுப்போரமாக, ஊசி போன ஓட்டைகள் வரிசையாக நின்றன. பார்க்கிறவர்கள் கண்ணில் படாது, எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். நகத்தால் துணியைக் குறுக்கே நெருடிக்கொடுத்தால் இழைகள் நகர்ந்து ஓட்டை மூடும். அண்ணன் நாற்காலியில் போனை நிறுத்திவிட்டு, பத்து எண்ணினதும் படம் விழும் என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். நான் குனிந்து என் பக்கத்து ஓட்டைகளை நெருட ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். தங்கச்சியும் குனிந்து அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் கிச்சுகிச்சு மூட்டாதீங்க" என்று நெளிந்தாள் என் மகள். சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு முறை தங்கச்சி பக்கம் சாய்ந்தாள், ஒரு முறை என் பக்கம் சாய்ந்தாள். அண்ணன் ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.