பிளக்குக்கு ஒரு சுற்று கூடுதல்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் காஞ்சிபுரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்த நசீருதீன் பாய். அவர் சொன்னதில் பாதி பொய். மீதிப் பாதியை நான் சேர்த்தேன். ஆகவே தாராளமாக நம்பலாம்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், இடி இடித்து, பூமி பிளந்து...' அடித்துவிட்டேன். கெட்டுப்போனது பூமியல்ல, ஸ்கூட்டர் எஞ்சினின் அலுமினியத் தலையில், அதாவது ஹெட்டில், ஸ்பார்க் பிளக்கைத் திருகும் மரை. அதற்கு இடி கொஞ்சம் அதிகம்தான். தூறல் வைத்துக்கொள்ளலாம்.

2

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் கலியாணசுந்தரம். (முதல் வரைவில் மீசை வைத்திருந்தேன். இவ்வளவு பயந்த மனிதருக்கு எதற்கென்று எடுத்துவிட்டேன்.) ஸ்கூட்டர் அவருடையதல்ல, மனைவியின் அண்ணன் ஜவுளிக்கடை வேலாயுதத்துடையது. பெற்ற மகனையே தொடவிடாத வேலாயுதம், தங்கை ரேணுகாம்பாள் வாதாடியதால் திருப்பதிக்குப் போகும்போது இங்கே விட்டுப்போனார்.

"இவரு கை பட்டு ஒரு பொருளு கெட்டதில்லண்ணா" என்றாள் அவள். அண்ணன் வீட்டில் புருஷனைப் பற்றி அவள் தலைநிமிர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது. அதுவரை அங்கே அவர் வெறும் 'தறிக்காரர்'. பெயர்கூடக் கிடையாது.

வண்டி திணறியது. கலியாணசுந்தரம் பிளக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். தறியில் பாவு நூல் தொய்ந்தால் அவமானம் என்று வளர்ந்த கை, இறுகிய பிறகும் இன்னொரு இழுப்பு இழுத்தது. பட்டு தாங்கியிருக்கும். அலுமினியம் 'நொறுக்' என்றது. வெளியே வந்த பிளக்கில், பிய்ந்த மரை வெள்ளிச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவர் உதறவில்லை. காகிதத்தில் மடித்துப் பத்திரப்படுத்தினார். ஜரிகை மாதிரி மின்னும் எதையும் குப்பையில் போடும் வழக்கம் அந்தத் தெருவிலேயே கிடையாது.

3

(இங்கே பாயை ஒரு ஞானியாக்க நினைத்தேன். தெரிந்தால் பட்டறை அதிரச் சிரிப்பார்.)

"இன்னாபா கல்யாணம், பிளக்கை மாட்டினியா, பாவு பூட்டினியா?"

"கிண்டல் அப்பால பாய். மச்சான் வந்துக்கினு இருக்காரு. என் சம்சாரம் அவராண்ட சொன்ன வார்த்தை உன் கைல இருக்குது."

"உன் கைய நம்பிச் சொன்ன வார்த்தை, என் கைல வந்து நிக்கிதா? நல்லா இருக்குதுபா நியாயம்!"

பாய் ஹெட்டைக் கழற்றினார். கெட்ட ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினார். பித்தளையில் ஒரு குட்டிக் குழாய் கடைந்தார். அதற்குப் பெயர் புஷ். வெளிப்பக்கம் புது ஓட்டைக்கான மரை, உட்பக்கம் பிளக்குக்கான மரை. அதை ஹெட்டுக்குள் திருகி உட்கார வைத்தார்.

"இனிமே விரலால திருகு. அப்பால ஸ்பேனர்ல லேசா ஒரு தொடு. அவ்ளோதான். முரட்டுத்தனம் பண்ணே, புஷ்ஷே பிச்சுக்கினு வந்துடும்."

(நியாயமாகப் பார்த்தால் அரை நாள் வேலை. பாய் என்னிடம் சொன்னபோது அரை மணி. நான் நாலு வரியில் முடித்துவிட்டேன். கூலி மட்டும் யாரும் தரவில்லை.)

4

முடிவுக்கு வருகிறேன். கையிலிருப்பவை:

வேலாயுதம் ஓர் உதை உதைக்க, பிளக் பிய்த்துக்கொண்டு பறந்து, கோபுரத்துப் புறாக்களையெல்லாம் வாலாஜாபாத் வரை விரட்டி... [எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதும்போது என்ன சுகம்!]

கலியாணசுந்தரம் உண்மையைச் சொல்ல, மச்சான் கண்கலங்கி அவரைத் தழுவிக்கொள்ள... [வேலாயுதத்தை உங்களுக்குத் தெரியாது.]

இரண்டையும் விட்டுவிட்டேன். கதை தானாகவே இப்படிப் போயிற்று: மொட்டைத் தலையோடு வந்த வேலாயுதம் உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி சுருதி சேர்ந்தது.

"இன்னா மாப்ளே, முன்னவிட ஜோரா இருக்குது! இன்னா பண்ணே?"

"நான்தான் சொன்னேனேண்ணா" என்றாள் ரேணுகாம்பாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

"பிளக்கை நல்லா இறுக்கிக்கீறே, அதான் விஷயம். இரு, நானும் ஒரு புடி புடிச்சுடறேன்."

வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்தார். ஸ்பேனர் பிளக்கின்மேல் உட்கார்ந்துவிட்டது.

"மச்சான், வந்து..."

வாசகரே, மீதி வாக்கியம் உங்களுடையது. உண்மையைச் சொன்னால் ரேணுகாம்பாளின் அந்த முகம் வாடும். சும்மா இருந்தால் முதலில் புஷ் போகும், அதன் பின்னாலேயே முகமும் போகும். நான் பேனாவை மூடிவிட்டேன். யோசிக்கலாம்தான், ஆனால் வேலாயுதத்தின் கை ஏற்கெனவே சுற்ற ஆரம்பித்துவிட்டது.