உம் கொட்டும் உத்தியோகம்

எங்கள் சாஃப்ட்வேர் அலுவலகத்தில் கோட் எழுதுவது இயந்திரம். நாங்கள் எதிரே உட்கார்ந்து உம் கொட்டுகிறோம். கதை கேட்கிறவன் உம் கொட்டாவிட்டால் சொல்கிறவனுக்குச் சுவாரஸ்யம் போய்விடுமே, அதேதான். நாங்கள் நிறுத்தினால் அதுவும் பாதி வரியில் நிறுத்திவிடும். பொறியியல் படித்தவர்களுக்கு இது தோதான வேலை. கல்லூரியில் நான்கு வருடமும் இதைத்தான் செய்தோம்.

நான் முதுநிலை உம் பொறியாளர். இந்தப் பதவியைச் சொல்லித்தான் சங்கரன்கோவிலில் சண்முகவடிவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். வேலை நிலைக்குமா என்று அவள் அப்பா மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் இயந்திரம் ஓர் ஆம்னி பஸ் கம்பெனிக்கு டிக்கெட் செயலி எழுதிக்கொண்டிருந்தது. மதியம் நான் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தேன். தூங்கிக்கொண்டே உம் கொட்டுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் கைவந்த கலை. ஆனாலும் இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“எங்க விட்டேன், சொல்லு பார்ப்போம்?” என்றது.

பதில் தெரியாதவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நானோ திரையைப் பார்த்தே மாதக்கணக்காகிறது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ஒருத்தரு டிக்கெட்ட கேன்சல் பண்ணுதாரு. காசு திரும்ப வேணும்னா அழணும்னு வருது. அழுதாரு.”

இயந்திரம் “உம்” என்றது. “மேல சொல்லு.”

மீதியை நானே சொல்லி முடித்தேன். அது எழுதிக்கொண்டது. நன்றாகவே உம் கொட்டியது, ஒத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாளே செயலி வெளியானது. பஸ் முதலாளிக்குப் பரம சந்தோஷம். அழ வெட்கப்பட்டுப் பாதிப் பேர் ரத்து செய்யாமலே ஊருக்குப் போய்விடுகிறார்களாம்.

வியாழக்கிழமை மேலாளர் பத்மலோசனி மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“மிஸ்டர் கோமதி, அந்த பஸ் கோட் நீங்களா எழுதுனீங்க?”

“ஆமா மேடம்.”

“புரோகிராமர வச்சுக் கோட் எழுதுறோம்னு வெளிய தெரிஞ்சா, கிளையன்ட் நம்மள மதிப்பானா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். சண்முகவடிவின் அப்பாவுக்கு அங்கிருந்தே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப விசேஷம் வேண்டாம் தம்பி. நான் பந்தல்காரன்ட்ட சொல்லிருதேன்” என்று வைத்துவிட்டார்.

அங்கேயே உட்கார்ந்து, அன்றிரவு பஸ்ஸில் ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்யச் செயலியைத் திறந்தேன். அழச் சொன்னது. அதற்கு நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. பாதிப் பணம் வந்தது. மீதிக்கு, உடன் இன்னொருவரும் அழ வேண்டும் என்றது. அந்த வரி நான் சொன்னதல்ல, இயந்திரமே சேர்த்திருக்கிறது.

என் போனை எட்டிப் பார்த்த மேடம் தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.