பிரேக்குக்குக் காற்று

காரில் ஏற மாட்டேன் என்று தாரிணி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கீர்த்திவாசன் சண்டையாவது போட்டிருப்பான். அவள் பாட்டுக்குக் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவாள். மார்க்கெட்டுக்கும் பஸ், ஊட்டியில் கல்யாணம் என்றாலும் பஸ். வாசலில் சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பளபளவென்று நிற்க, பெண்டாட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அதுகூடப் போகட்டும். அந்தக் காரில் இருப்பதே இரண்டு இருக்கை. அதில் ஒன்று எப்போதும் காலியாகக் கிடப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து மலையெல்லாம் சுற்ற வேண்டும் என்றுதானே கொச்சிக்குப் போய் அந்தப் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கினான்.

எல்லாம் ஊட்டியைத் தாண்டிக் கல்லட்டி மலைப்பாதை இறக்கத்தில் வந்த வினை. தாரிணி குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். கீர்த்திவாசனுக்குக் கீழே சமவெளியில் சிங்காநல்லூர். பேங்கின் குன்னூர் கிளைக்கு மாற்றலாகி, இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் போடவும் பழகிவிட்டான். ஆனால் வண்டி ஓட்டும் கால் மட்டும் இன்னும் சிங்காநல்லூர் சிக்னலிலேயே நின்றது. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இவனோ ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் விரட்டிக்கொண்டு போய், கடைசி நிமிஷத்தில் பிரேக்கை மிதித்தான். பாதி மலை இறங்குவதற்குள் கருகிய நாற்றம். முன் சக்கரத்திலிருந்து புகை. அடுத்த வளைவில் மிதித்தபோது பிரேக் தரை வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. புத்திசாலித்தனமாக மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தாரிணி இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். திட்டவில்லை, அழவில்லை. மறுநாளிலிருந்து பஸ்.

பிரேக் சூடாகிவிட்டது, அதனால் பயந்துவிட்டாள் என்று கீர்த்திவாசன் முடிவுகட்டினான். சூடு ஆகாமல் செய்தால் தீர்ந்தது. பந்தயக் கார்களில் முன்பக்கத்திலிருந்து பிரேக்குக்குக் காற்றைக் கொண்டுபோகக் குழாய் வைத்திருப்பதை யூடியூபில் பார்த்தான். நாமே செய்துவிடலாம் என்று இறங்கினான். காற்று நுழைய பம்பரில் ஓட்டை வேண்டுமே, அதற்காக மூடுபனி விளக்கு இரண்டையும் கழற்றினான். குன்னூரில் உட்கார்ந்துகொண்டு மூடுபனி விளக்கைக் கழற்றுகிறவனை என்னவென்று சொல்வது? அந்த ஓட்டையில், சமையலறையில் எண்ணெய் ஊற்றும் புனல் இரண்டைப் பொருத்தினான். தாரிணி அன்று எண்ணெயை அப்படியே பாத்திரத்தில் சாய்த்து ஊற்றிக்கொண்டாள்.

குழாய்க்குத்தான் திண்டாடினான். கடையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகிவிடும். தாரிணி தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு சாயங்காலம் அங்கே கழித்துப் போட்ட குழாய் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது சூடு தாங்குமா?"

"தூள் காய வைக்கிற டிரையர்ல இருந்ததுங்க. உங்க காரை விட அது நிறையச் சூடு பார்த்திருக்கு."

கீர்த்திவாசனுக்கு வாயெல்லாம் பல். குழாய் கொடுக்கிறவள் காரில் ஏறாமலா போய்விடுவாள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைக் கழற்றினான். பிரேக் தட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டில் வட்டமாக வெட்டி, அலுமினியத் தகட்டைச் சுருட்டி ஒரு கழுத்து செய்து ரிவெட் அடித்தான். குழாயின் ஒரு முனை கழுத்தில், மறுமுனை புனலில். கிளிப் போட்டு இறுக்கினான். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கிவிட்டு, "தாரிணி, கொஞ்சம் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பும்மா" என்றான். அவள் ஏறி உட்கார்ந்து கடைசி வரைக்கும் ஒடித்தாள். குழாய் டயரில் போய் நறநறவென்று தேய்ந்தது.

"நேராப் போறதுக்கு மட்டும் பண்ணியிருக்கீங்க. நேர் ரோடு எங்கீங்க இருக்குது இங்க?"

அவன் அசடு வழிந்துகொண்டே எல்லாவற்றையும் கழற்றி, குழாயை உள்ளே தள்ளி மறுபடி கட்டினான். அப்புறம் பிரேக் பக்கத்தில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, தாரிணியைப் புனலுக்குள் ஹேர் டிரையரால் ஊதச் சொன்னான். புகை சிதறி ஓடியது. சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினான். தாரிணியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்.

"மேட்டுப்பாளையம் ரோட்ல பர்லியார் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமா?"

அவள் ஹேர் டிரையர் ஒயரைச் சுருட்டினாள். "வர்றேனுங்க" என்றாள்.

காட்டேரிப் பூங்காவைத் தாண்டியதும் இறக்கம் பிடித்தது. "மெதுவாங்க" என்றாள் தாரிணி.

"பயப்படாதே, இப்பப் பாரு." வளைவு வரைக்கும் விரட்டிப் போய் மிதித்தான். வண்டி கட்டிப் போட்ட மாதிரி நின்று திரும்பியது.

அடுத்த வளைவுக்கும் அவள் சொன்னாள். அவன் இன்னும் கொஞ்சம் விரட்டினான், பிரேக்கின் அருமை அவளுக்குப் புரிய வேண்டாமா? மூன்றாவது வளைவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. பயம் தெளிந்துவிட்டது என்று அவன் மனம் குளிர்ந்துபோனான்.

மரப்பாலம் டீக்கடை ஓரம் நிறுத்தி, அவளை இறக்கி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அழைத்துப் போனான். "நாத்தம் வருதா? புகை இருக்கா? சொல்லு."

"இல்லைங்க. நல்லாப் பண்ணியிருக்கீங்க."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

தாரிணி சக்கரத்தைக் காட்டினாள். "பிரேக்கு சூடானதுக்கு நான் என்னைக்குங்க கோவிச்சேன்? அன்னிக்குக் கல்லட்டியில ஒவ்வொரு வளைவுலயும் மெதுவாப் போங்கன்னு சொன்னேன். உங்களுக்குக் கேட்டுச்சு. கேட்டும் போனீங்க. இன்னிக்கும் அதே தான். குழாய் வெச்சது, நான் சொல்றதைக் கேக்காம இருக்கறதுக்குத் தோதாப் போச்சு."

மேலேயிருந்து மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. அவள் கை காட்டினாள். "பர்லியார்ல நிக்கிறேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கீர்த்திவாசனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விரல் முழுக்கத் தகடு கிழித்த காயம், இத்தனை பாடுபட்டும் இதுதானா மரியாதை என்று பொருமிக்கொண்டே வண்டியை எடுத்து பஸ்ஸின் பின்னால் போனான். பஸ் சின்ன கியரில் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. பின் கண்ணாடியில் கடைசி சீட்டில் அவள் தலை தெரிந்தது.

முதல் வளைவில் பஸ் அகலமாகச் சுற்றித் திரும்பியது. அதன் பின்பகுதி, தாரிணி உட்கார்ந்திருக்கும் பகுதி, பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவரைத் தாண்டி வெளியே போய்த் திரும்பியது. கீர்த்திவாசன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். தினமும் ஓடுகிற பஸ், தினமும் திரும்புகிற வளைவு. இருந்தாலும் அந்த ஸ்டியரிங் அவன் கையில் இல்லை, அந்த பிரேக் அவன் காலில் இல்லை. "மெதுவாய்யா" என்று தனியாகச் சொன்னான். முன்னால் போகிற டிரைவருக்கு எப்படிக் கேட்கும்? அடுத்த வளைவிலும் சொன்னான். அதற்கடுத்த வளைவிலும் சொன்னான்.

கொஞ்சம் நேராக ரோடு வந்த இடத்தில் பஸ் டிரைவர் கையை வெளியே நீட்டி, முந்திப் போ என்று காட்டினார். கீர்த்திவாசன் போகவில்லை. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அவனையும் பஸ்ஸையும் தாண்டிப் போயின. இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கில் காலை வைக்கும் வேலையே இல்லை.

பர்லியாரில் பழக்கடைகளுக்கு முன்னால் தாரிணி இறங்கி நின்றாள். அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அவளாகவே கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"டிரைவர் கை காட்டினாரே, ஏனுங்க முந்தலை?"

"முந்தப் போயி, எதிர்ல ஏதாச்சும் வந்து, அந்தாளு சடக்குன்னு ஒடிச்சுட்டா? உள்ள நீ இருக்கறயே."

தாரிணி பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"காருக்குள்ளயும் நான்தானுங்க இருந்தேன்."